சம்பந்தியம்மா பெயருக்கு மஞ்சள் பூசிய விவரம்

சாஆ, ஜொகூர்
ஞாயிறு காலை, ரொட்டிக்காரர் வந்துபோன பிறகு

அழகிலும் அடக்கத்திலும் தாய்மாமனைக் கொண்டு பிறந்த என் மருமகள் செல்வி ஷர்மினிக்கு,

உன் மூத்த தாய்மாமனும், முன்னாள் செம்பனை லோரி ஓட்டுநரும், இந்நாள் கோயில் பந்தல் ஆலோசகருமான ஐயாசாமி எழுதும் மடல். இங்கே நான், உன் அத்தை கருப்பாயி, வீட்டுப் பூனை மூவரும் சுகம். உன் சுகத்தை அறிய ஆசைதான். ஆனால் கல்யாண வாட்ஸ்அப் புலனக் குழுவிலிருந்து என்னை வெளியே தள்ளி, தனி நம்பரிலும் நீ என்னை அடைத்துப் போட்டுவிட்டபடியால், தபால் நிலையத்துக்குப் போய் முத்திரை வாங்கி எழுத வேண்டியதாகிவிட்டது. முத்திரை விற்கிற மலாய்க்காரப் பிள்ளை, "பாக்சிக், இன்னுமா கடிதம் எழுதுறீங்க?" என்று மாமா முறை வைத்து ஆச்சரியப்பட்டாள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆறாம் வகுப்பில் பாதி வரை படித்தவன். மீதிப் பாதியில் எனக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லை என்று வாத்தியாரே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் உன் கழுத்தில் தாய்மாமன் மாலையைப் போட்டு உன் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வரப்போவது உன் சின்ன மாமன் மணியம் என்று கேள்விப்பட்டேன். மணியம் என் கூடப் பிறந்த தம்பி, நல்லவன், அவனைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டுரியான் மரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து அவனுக்கு வலது கை தோளுக்கு மேல் ஏறாது. அவன் மாலை போட்டால் அது உன் ஒரு காதில்தான் தொங்கும், வாழ்நாள் முழுக்கப் படத்தில் நீ அப்படித்தான் நிற்பாய். அதோடு முறை என்று ஒன்று இருக்கிறது அல்லவா? மூத்தவன் நான். நீ பிறந்த அன்று செம்பனைப் பழம் ஏற்றிய லோரியிலேயே உன் அம்மாவை உட்கார வைத்துச் சிகாமட் ஆஸ்பத்திரி வரைக்கும் எங்கும் நிற்காமல் ஓட்டினவன் நான். உனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்தவனும் நான்தான். நீ வலி தாங்காமல் என் நடு விரலைக் கடித்தாய், அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஒரு ஸ்கிரீன்ஷாட்டுக்காக இதெல்லாம் இல்லை என்று ஆகிவிடுமா?

அந்த ஸ்கிரீன்ஷாட் விவகாரத்தை உனக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லியிருப்பார்கள். உண்மையை நான் சொல்கிறேன். மாப்பிள்ளை யுகேந்திரனின் அம்மா பிரேமலா, கல்யாணத்தைக் குளுவாங்கில் ஏர்கோன் மண்டபத்தில்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நம் சாஆ கோயில் மண்டபத்தில் காற்றாடி மட்டும்தான் இருக்கிறது, அதிலும் ஒன்று சுற்றும்போது முனகுகிறது என்று லாயாங் லாயாங்கில் மாப்பிள்ளை வீடு வரைக்கும் யாரோ சேதி சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாளை வழிக்குக் கொண்டுவந்தது யார்? நான். தனியாக மெசேஜ் போட்டு, நம் மண்டபத்தின் காற்றோட்டம், காடி நிறுத்துகிற இடம், சாமியின் சக்தி எல்லாவற்றையும் விளக்கி, கடைசியில் "சரிங்க அண்ணே, சாஆவுலயே வச்சுக்கலாம்" என்று பதில் வாங்கினேன். அதற்கு முதல் நாளே உன் அப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசி முடித்துவிட்டார் என்று சொல்வார்கள். பேசியிருக்கலாம். பதில் வந்தது என் போனுக்கு.

இதைக் குரூப்பில் அறிவித்தேன். இரண்டு பக்கத்துச் சொந்தமும் இருக்கிற குரூப் என்று உனக்கே தெரியும். உடனே மணியம், "அண்ணே, அவங்க சொன்னாங்களா, இல்ல நீங்களாச் சொல்லிக்கிறீங்களா? ஆதாரம் இருந்தா போடுங்க லா" என்று அத்தனை பேர் முன்னாலும் எழுதினான். பின்னால் சிரிக்கிற மூஞ்சி வேறு. ஆதாரம் என்றால் ஸ்கிரீன்ஷாட் என்று உன் அத்தை சொன்னாள். எனக்கு முன்பே தெரியும், அவள் ஞாபகப்படுத்தினாள், அவ்வளவுதான். என் போனை மேசையில் வைத்து, அவள் போனைக் கொண்டு அதைப் படம் பிடித்து அனுப்பினேன். அதில் எழுத்து ஒன்றும் விழவில்லை. மேலே சுற்றுகிற காற்றாடியும், குனிந்து பார்க்கிற என் மூக்கும், சட்டை போடாத என் நெஞ்சும்தான் போன் கண்ணாடியில் பளிச்சென்று விழுந்திருந்தன. "ஆதாரத்தக் காட்டச் சொன்னா மூக்கக் காட்டுறீங்களே அண்ணே" என்றான் மணியம். பக்கத்தில் இருக்கிற இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அமுக்கினேன். நான் பாரம் ஏற்றிய லோரிக்குப் பிரேக் அமுக்கிப் பழகிய ஆள், எனக்கு அரை அமுக்கு தெரியாது. போன் செத்துப் போனது. உயிர் வந்ததும் மறுபடி அமுக்கினேன். அது அவசர நம்பருக்குப் போய், ஒரு பெண் எடுத்து, தீயா, போலீசா, ஆம்புலன்சா என்று மலாயில் கேட்டாள். ஸ்கிரீன்ஷாட் என்றேன். அப்படி ஒரு பிரிவு தங்களிடம் இல்லை என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் பசார் பக்கத்தில் போன் கடை வைத்திருக்கும் உதுமான் பாயிடம் போனேன். கற்றுக்கொள்ள இல்லை, அவருக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்க்க. "அண்ணே, இதுக்கா இவ்ளோ பாடு? நீங்க காலையில நெத்தியில திருநூறு பூசுவீங்கல்ல, அதே மூணு வெரல். பக்கவாட்டுல இழுக்காம மேலேர்ந்து கீழ இழுங்க, படம் விழுந்துரும்" என்றார். பெருமைக்குச் சொல்லவில்லை, முதல் இழுப்பிலேயே கிளிக் என்று எடுத்துவிட்டேன். "இவ்ளோ வருஷமா கடை நடத்துறேன், இப்படி ஒரு ஆளப் பாத்ததில்லண்ணே" என்றார் பாய். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அங்கேயே நின்று படத்தைக் குரூப்பில் போட்டேன்.

இங்கே ஒரு சின்னத் தடங்கல். தோட்டத்துக் காலத்திலிருந்தே நம் ஆட்கள் பெயருக்குப் பின்னால் ஓர் அடையாளம் சேர்க்காமல் யாரையும் குறிப்பிட முடியாது. ஒரு லயத்து வீட்டு வரிசையிலேயே நான்கு மணியம் இருப்பார்கள், எந்த மணியத்தைச் சொல்வது? என் போனிலும் அதே முறைதான். மணியம் டயர், மணியம் நாய்ப்பண்ணை, உன் சின்ன மாமன் மணியம் வெட்டிப்பேச்சு. பிரேமலாவிலும் எனக்கு இரண்டு பேர். பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வடை போடுகிற அம்மா, பிரேமலா வடை. உன் வருங்கால மாமியார் பெண் பார்க்க வந்த அன்று, காடியில் வந்த களைப்பில் முகத்தைக் கொஞ்சம் ஒரு மாதிரி வைத்திருந்தார். அடையாளத்துக்காகப் பிரேமலா உம்மணாமூஞ்சி என்று பதிந்து வைத்தேன். ஒரு துளி கெட்ட எண்ணம் கிடையாது. தவறிப்போய் வடைக்காரம்மாவிடம் கல்யாணப் பேச்சைப் பேசிவிடக்கூடாதே என்கிற முன்ஜாக்கிரதை. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மெசேஜ் மட்டும்தான் விழும் என்று நினைத்தேன். மேலே இருக்கிற பெயரும் சேர்ந்து விழும் என்று அந்தப் பாய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குரூப்பில் கொஞ்ச நேரம் யாரும் எழுதவில்லை. ஆதாரத்தைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்து, நானே ஒரு கட்டைவிரல் படம் போட்டுக்கொண்டேன். அப்போது நீ எனக்குத் தனியாக, "மாமா! மேல பாருங்க!" என்று எழுதினாய். மேலே பார்த்தேன். உதுமான் பாய் கடைக் கூரையில் ஒரு பல்லிதான் இருந்தது. நீ மறுபடி எழுதிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அலமாக் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு உடனே அழித்தேன். எனக்கு மட்டும் அழிக்கவா, எல்லாருக்கும் அழிக்கவா என்று போன் கேட்டது. தப்பு செய்தவன் நான், மற்றவர்களை ஏன் சிரமப்படுத்த வேண்டும் என்று எனக்கு மட்டும் அழித்தேன். "அந்தப் படத்தை அழித்தாயிற்று, இனி யார் கண்ணுக்கும் தெரியாது, மேலே இருந்த பெயரை எல்லாரும் மறந்துவிடவும்" என்று அறிவிப்பும் போட்டேன். அதுவரைக்கும் பெயரைக் கவனிக்காமல் இருந்தவர்கள் அப்போதுதான் மேலே போய்ப் பார்த்தார்களாம்.

அப்போதும் நான் மனம் தளரவில்லை. எடிட்டிங் என்கிற வேலையில் இறங்கினேன். பென்சில் படத்தை அமுக்கினால் பேனாக்கள் வரிசையாக வரும். ஒல்லிப் பேனா என் சுபாவத்துக்குச் சரிப்படாது, இருப்பதிலேயே தடித்ததை எடுத்து அந்தப் பெயர் மேல் இப்படியும் அப்படியும் நன்றாகப் பூசினேன். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததால் மறைந்துவிட்டது போலத்தான் இருந்தது. அது மஞ்சள் பேனாவாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பரீட்சைக்கு முக்கியமான வரி எதுவோ அதன்மேல் பூசுவார்களே, அந்த ஜாதி. லாயாங் லாயாங்கில் கண் மங்கிய கிழவர்கள் கூட இரண்டாவது படத்தில் சிரமமில்லாமல் படித்துவிட்டார்கள். சரி என்று ஒரு தாமரைப்பூப் படத்தை எடுத்துப் பெயர் மேல் வைத்து, இரண்டு விரலால் பெரிதாக்கினேன். பூ ஒரேயடியாக வளர்ந்து கீழே சரிந்து, "சாஆவுலயே வச்சுக்கலாம்" என்கிற ஆதாரத்தை மூடிக்கொண்டது. பெயர் மட்டும் பூவுக்கு மேலே சாமி படத்துப் பெயர் மாதிரி நின்றது.

கடைசியாக வெட்டுகிற வேலை. அதுதான் எனக்கு ஆகிவந்த வேலை என்று துணிந்து இறங்கினேன். ஒரு கட்டம் வரும், அதன் மூலைகளைப் பிடித்து இழுக்க வேண்டும். கட்டத்துக்குள் எது இருக்கிறதோ அது மிஞ்சும், வெளியே இருப்பது போய்விடும் என்று பிறகு சொன்னார்கள். இது என்ன நியாயம், நீயே சொல்? செம்பனைக் குலை வெட்டுகிறவன் எதை வெட்ட வேண்டுமோ அதன்மேல்தானே அரிவாளை வைப்பான்? நான் முறைப்படி அந்தப் பெயரைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து, மூலைகளை நெருக்கிப் பிடித்து, வெட்டி அனுப்பினேன். குரூப்பில் போய் விழுந்த படத்தில் வேறு ஒன்றுமே இல்லை. பிரேமலா உம்மணாமூஞ்சி. அவ்வளவுதான். கடைப் பலகை மாதிரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், மஞ்சளோடு.

உடனே அந்த அம்மாளின் குரல் பதிவு குரூப்பில் வந்தது. "யாரு மூஞ்சி எப்படின்னு நாங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். அந்த அண்ணன் மாலையோட வந்தாருன்னா நான் மேடை ஏற மாட்டேன். அவ்ளோதான், சொல்லிட்டேன்." நான் சமாதானமாக ஒரு பதில் எழுதுவதற்குள் நீ என்னை நீக்கிவிட்டாய் என்று திரையில் வந்தது. அதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். அன்று எடுத்ததில் அது ஒன்றுதான் ஒழுங்காக விழுந்தது.

வீட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ஆள் நான் இல்லை. மறு சனிக்கிழமையே தட்டில் வெற்றிலை, பாக்கு, ஓரஞ்சு, நம் வீட்டு ரஸ்தாளி எல்லாம் வைத்து, வேட்டி கட்டி, உன் அத்தையையும் ஏற்றிக்கொண்டு லாயாங் லாயாங்குக்குக் காடியை விட்டேன். மாப்பிள்ளையின் அப்பா லோகேஸ்வரன் கதவைத் திறந்தார். அவர் பேசுகிற மனிதர் இல்லை. அப்போதுதான் சாமி கும்பிட்டு முடித்திருந்தார்கள் போல, திருநீற்றுத் தட்டை என் முன்னால் நீட்டினார். எடுத்துப் பூசினேன். கொஞ்சம் சிந்திக் கையிலிருந்த போன் மேல் விழுந்தது. பூசின அதே மூன்று விரலால் மேலிருந்து கீழே துடைத்தேன். கிளிக்.

பிரேமலா அம்மாள் அறைக்குள்ளிருந்து வந்தார். "என் வீட்டுக்குள்ளயே வந்து படம் புடிக்கிறீங்களா?"

"இல்ல சம்பந்தி, திருநூறத் தொடச்சேன்."

"குடுங்க அத."

போனை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். தினமும் காலையில் திருநீறு பூசிவிட்டுப் போனைத் துடைக்கிற பழக்கம் எனக்கு. உதுமான் பாய் அந்த வித்தையைச் சொன்ன நாளிலிருந்து துடைத்ததெல்லாம் படமாக விழுந்து கிடக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரியும். வெறும் கடிகாரம், மழை வருமா வராதா என்கிற மேகம், மறுபடி கடிகாரம், உன் அத்தையின் கோழி, மறுபடி கடிகாரம். அந்த அம்மாளின் முகம் லேசாக இளகியது போல இருந்தது. அப்புறம் ஒரு படத்தில் நின்றார். யார் யாருக்குப் போன் போட்டேன் என்கிற பட்டியல் அது. உரக்கவே படித்தார்.

"மணியம் வெட்டிப்பேச்சு. உதுமான் பாய் எல்லாந்தெரியும். கருப்பாயி எடுக்காட்டி வம்பு."

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்றாள் உன் அத்தை என்னைப் பார்த்து.

"லோகேஸ்வரன் பாவம்" என்று படித்துவிட்டு அந்த அம்மாள் நிறுத்தினார். கல்யாணப் பேச்சு ஆரம்பித்த நாளிலிருந்து நான் குரலே கேட்டிராத அந்த மனிதர் சோபாவில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

"என்ன சிரிப்பு?" என்றார் பிரேமலா அம்மாள்.

"ஒண்ணுமில்ல. அண்ணன் சரியாத்தான் போட்டிருக்காரு."

"எது சரி? எம் பேரா, உங்க பேரா?"

அவர் சட்டென்று எழுந்து திருநீற்றுத் தட்டைச் சாமியறைக்குக் கொண்டுபோய்விட்டார். ஆனால் அந்த அம்மாளுக்கும் உதடு கோணி, அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. பெயரை அங்கேயே திருமதி பிரேமலா சம்பந்தியம்மா என்று மாற்றிக் காட்டினேன். அதற்குப் பிறகு நடந்ததை நானே சொன்னால் பெருமை பேசுவதாக ஆகும். அவர் கண் கலங்கி, "அண்ணே, உங்கள மாதிரி மனுஷன் இந்த ஜொகூர்லயே கெடையாது" என்று இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டு, பாயாசம் மாதிரித் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். நாங்கள் வீடு திரும்பிய மறுநாள் உன் அத்தையின் போனுக்கு ஒரு மெசேஜும் வந்தது.

நீயும் மணியமும் ஆதாரம் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? அந்த மெசேஜை அவள் போனில் நானே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உதுமான் பாய் கடையில் தாளில் அச்சடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். "தாய்மாமன் மாலை போடாம என்ன கல்யாணம். மூத்தவருதான் முறை. ஐயாசாமி அண்ணனே வந்து போடட்டும்" என்று அவர் கைப்பட எழுதியிருப்பதை உன் கண்ணாலேயே பார். ஆகவே மருமகளே, மணியத்திடம் பக்குவமாகச் சொல்லிவிடு. தட்டுத் தூக்குகிற வேலை இருக்கிறது, அதற்கு அவன் தோள் தாங்கும். என்னை உடனே குரூப்பில் சேர்த்துவிடு. அட்மின் ஆக்கினாலும் மறுக்க மாட்டேன். கல்யாணத்தன்று வருகிற வாழ்த்தையெல்லாம் அங்கேயே நின்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வெட்ட வேண்டியதை வெட்டி, பூ வைக்க வேண்டிய இடத்தில் பூ வைத்து அனுப்புகிற பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன். வெளியே ஆள் வைத்தாலும் இவ்வளவு நேர்த்தி வராது.

பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிற நீ வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளை யுகேந்திரனுக்கு என் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் போனில் நல்லபடியாகப் பதிந்துகொண்டு, வீடு நிறையச் சிரிப்பும் வாசல் நிறையச் செருப்புமாக வாழ நம் கோயில் அம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
உன் கழுத்துக்கு மாலையோடு காத்திருக்கும் தாய்மாமன்,
ஐயாசாமி

பி.கு.: இத்துடன் இருக்கும் தாளின் கீழ்ப்பாதி மடித்து ஒட்டியிருக்கும். உறைக்குள் அடங்குவதற்காகச் செய்தது. அதில் ஒன்றும் இல்லை. பிரிக்க வேண்டாம், கிழிந்துவிடும்.

இன்னொரு பி.கு.: ஷர்மினி, நான் அத்தை. தபால்ல போடச் சொல்லிக் குடுத்தாரு, படிச்சுப் பாத்தேன். ஒட்டுனத நீ பிரிக்க வேணாம், சோத்துப் பருக்கை வச்சு ஒட்டியிருக்காரு, வராது. கீழ இருக்குறத நானே எழுதுறேன். "போடட்டும்"னு பிரேமலா போட்டதுக்கு அப்புறம், "ஆனா போனு உங்க கையில இருக்கணும் அக்கா. மாலை போட ரெண்டு கையும் வேணும். குரூப்புல மட்டும் அவரச் சேத்துறாதீங்க, சேத்தா நான் வெளிய போயிருவேன்"னு இருக்கு. அவங்க கும்பிடவும் இல்ல, அழவும் இல்ல. தேத்தண்ணி குடுத்தாங்க, சீனி போடல. நீ பொறந்தப்ப உங்கம்மா டாக்சியில போனா. இவரு லோரி அன்னிக்குப் பெக்கோக் ரோட்டுல டயர் வெடிச்சு நின்னுச்சு. நீ வெரலக் கடிச்சது மட்டும் நெசம். குரூப்புலேர்ந்து நீ எடுத்ததுலேர்ந்து அந்த வெரலத்தான் தடவிக்கிட்டு உக்காந்திருக்காரு. மாலைய அவரே போடட்டும்மா. போனு என் பையில இருக்கும், பையி என் மடியில இருக்கும்.